கிருமி இல்லை, வலி இருக்கிறது

சங்கரன்கோவிலில் லேப் டெக்னீஷியனாக இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்துவருகிறேன். ரத்தம், சளி, சிறுநீர் என்று எல்லா மாதிரியும் என் கைக்கு வரும். அவற்றில் என்னை உட்கார்ந்து படிக்க வைத்தது சிறுநீர்தான். திரும்பத் திரும்ப வரும் ஒரு சாரார் அதற்குக் காரணம். பெரும்பாலும் முப்பது வயதைத் தாண்டிய பெண்கள். பழைய ரிப்போர்ட்டுகளையெல்லாம் ஜவுளிக்கடைப் பையில் போட்டுக் கொண்டுவருவார்கள். உள்ளே நுழைந்ததும் கழிவறை எங்கே என்று கண் தேடும். அதற்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்காருவார்கள். முதல் நீரை விட்டுவிட்டு நடு நீரைப் பிடிக்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. காத்திருக்கும் நேரத்துக்குள் மறுபடியும் எழுந்து போய்வருவார்கள். ஆனால் ரிப்போர்ட் சுத்தமாக இருக்கும்.

அப்படி வந்தவர்களில் ஒருவர், விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்த்த ஒரு அக்கா. கல்ச்சர் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் கேட்டார்:

“ஏம்மா, இந்தத் தடவையும் கிருமி இல்லையா?”

“இல்லக்கா. நல்லதுதான?”

“நல்லதுதான். ஆனா இல்ல இல்லன்னே வந்தா, நான் நடிக்கேன்னுல்லா வீட்ல சொல்லுதாவ. ஒரு தடவையாவது இருக்குன்னு வந்திராதான்னு இருக்கு தாயி.”

கிருமி இருந்துவிடக் கூடாதா என்று ஒரு பெண்ணை ஏங்க வைக்கிறது ஒரு சுத்தமான ரிப்போர்ட். அந்தக் காகிதம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவே இல்லை என்பது, அதில் கையெழுத்துப் போடுகிறவளுக்காவது தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். நெல்லையில் ஒரு சிறுநீரக மருத்துவர் கொடுத்துதவிய ஆய்வுக் கட்டுரைகளை அகராதியும் கையுமாகப் படித்துத் தெரிந்துகொண்டதை, என் மேசையில் நடப்பதோடு சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் மேசை. சிறுநீர் டப்பா வந்ததும் நிறம், கலங்கல் பார்த்துவிட்டுப் பட்டையை முக்குவோம். புரதத்துக்கான கட்டம் மஞ்சளாக இருக்கும். புரதம் இருந்தால் பச்சைக்கு மாறும். மாறாவிட்டால் ‘ஆல்புமின்: இல்லை’ என்று எழுதுவோம். இதைப் படிக்கிறவர்கள் சிறுநீரில் புரதமே கிடையாது என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் ஆரோக்கியமான மனிதருக்கும் நாளொன்றுக்கு 150 மில்லிகிராம் வரை புரதம் சிறுநீரில் போகும். எங்கள் பட்டை முக்கியமாக ஆல்புமின் என்ற ஒன்றைத்தான் பிடிக்கும். அதுவும் ஒரு டெசிலிட்டரில் 15 முதல் 30 மில்லிகிராமாவது இருந்தால்தான் நிறம் மாறும். சிறுநீரகத்தின் வடிகட்டி பழுதானால் ஆல்புமின் கசியும்; அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்தப் பட்டை. சிறுநீர்ப்பையின் உள்தோலில் என்ன நடக்கிறது என்று அது சொல்லாது.

அடுத்தது மைக்ராஸ்கோப். சிறுநீரைச் சுழற்றி, அடியில் படிந்ததில் ஒரு சொட்டைக் கண்ணாடிச் சில்லில் வைத்துப் பார்ப்போம். சீழணுக்கள், சிவப்பணுக்கள், உதிர்ந்த தோலணுக்கள், உப்புப் படிகங்கள் தெரியும். சில சமயம் கண்ணாடிக் குழாய் மாதிரி, பார்வைக்கே தப்பிவிடும் அளவுக்கு மங்கலான ஒரு வார்ப்பு தெரியும். ஹையலின் காஸ்ட் என்போம். வெளிச்சத்தைக் குறைத்தால்தான் அகப்படும். அதன் உடம்பே ஒரு புரதம்தான்: டாம்-ஹார்ஸ்ஃபால் புரதம். நியூயார்க்கில் ராக்கஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தில் இகோர் டாம், ஃபிராங்க் ஹார்ஸ்ஃபால் இருவரும் 1950இல் பிரித்தெடுத்தது. இயல்பான சிறுநீரில் மற்ற எந்தப் புரதத்தையும்விட இதுதான் அதிகம். ஆனாலும் பட்டையில் பெரும்பாலும் தெரியாது. இந்தப் புரதத்துக்குப் பிறகு வருகிறேன்.

மூன்றாவது கல்ச்சர். எங்கள் கம்பி வளையம் ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு சிறுநீரை எடுக்கும். அதைத் தட்டில் இழுத்து 37 டிகிரி வெப்பத்தில் ஒரு ராத்திரி வைத்தால் மறுநாள் காலையில் கிருமிக் கூட்டங்கள் முளைத்திருக்கும். தட்டில் ஒரே ஒரு புள்ளி முளைத்தால் ஒரு மில்லியில் 1,000 கிருமி என்று கணக்கு. ஒரு லட்சம் இருந்தால் தொற்று என்ற அளவை அமெரிக்காவின் எட்வர்ட் காஸ் 1950களில் வகுத்தார். நீர்க்கடுப்போடு வரும் பெண்களுக்கு அந்த அளவு பொருந்தாது, ஒரு மில்லியில் 100 கோலிஃபார்ம் கிருமி இருந்தாலே தொற்றாக இருக்கலாம் என்று வால்டர் ஸ்டாம் குழுவினர் 1982இல் காட்டினார்கள். 100 கிருமி இருந்தால் எங்கள் சின்ன வளையத்துக்கு அகப்படாமலே போகலாம். பத்து மடங்கு பெரிய வளையம் வேண்டும். ஆக, ‘வளர்ச்சி இல்லை’ என்று நாங்கள் எழுதினால், இந்த வளையத்தில், இந்தத் தட்டில், இந்த ஒரு ராத்திரியில் எதுவும் வளரவில்லை என்று பொருள். உடம்பில் கோளாறு இல்லை என்று அதற்குப் பொருள் கிடையாது.

பெரிய வளையத்தில் பார்த்தும் ஒன்றும் வராதவர்களிடம் நான் கேட்கும் ஒரு கேள்வி உண்டு: “வலி எப்ப வருதுக்கா? போகும்போதா, போறதுக்கு முந்தியா?” கிருமித் தொற்று உள்ளவர்கள் பெரும்பாலும் போகும்போது எரிகிறது என்பார்கள். இவர்கள் சொல்வது வேறு. தறிக்கூடத்து அக்கா சொன்னார்: “நெறைய நெறைய அடிவயித்துல கத்தி வச்சுத் திருகுன மாரி இருக்கும். போயிட்டு வந்தா செத்த நேரம் தேவலாம். திரும்பக் கொஞ்சம் சேந்ததும் ஆரம்பிச்சிரும்.” பை நிரம்பும்போது கூடி, காலியானதும் தணியும் வலி. இதற்குத்தான் சிறுநீர்ப்பை வலி நோய், இன்டர்ஸ்டிஷியல் சிஸ்டைட்டிஸ் என்று பெயர். சுருக்கமாக ஐ.சி. என்பார்கள்.

இது புது நோய் அல்ல. இந்தப் பெயரை நியூயார்க் மருத்துவர் அலெக்சாண்டர் ஸ்கீன் 1887இலேயே எழுதியிருக்கிறார். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் மகளிர் நோய் மருத்துவர் கை ஹன்னர் 1915இல், இந்த வலியுள்ள பெண்களின் சிறுநீர்ப்பைச் சுவரில் கண்ட சிவந்த புண்களை விவரித்தார். இன்றும் அவை ஹன்னர் புண்கள் என்றே வழங்குகின்றன. ஆனால் எல்லாருக்கும் அந்தப் புண் இருப்பதில்லை, சிறுபான்மையினருக்குத்தான் இருக்கிறது. புண்ணும் இல்லை, கிருமியும் இல்லை என்றதும் பழி மனதின் மேல் விழுந்தது. 1970களில்கூட அமெரிக்காவின் பெரிய சிறுநீரியல் பாடநூல் ஒன்று இதை மனம் சார்ந்த கோளாறுகளின் கணக்கில் சேர்த்திருந்தது. விக்கி ராட்னர் என்ற பெண் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோது இந்த நோய்க்கு ஆளாகி, மருத்துவர் மருத்துவராக அலைந்தார். 1984இல் நோயாளிகளுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார். பின்னாளில் எலும்பு அறுவை மருத்துவரும் ஆனார். மருத்துவம் படித்தவரின் பேச்சே எடுபடவில்லை என்றால், தறிக்கூடத்தில் நின்று வேலை பார்க்கிறவரின் பேச்சு எங்கே எடுபடும்?

வலி எங்கிருந்து வருகிறது என்று பார்க்கச் சிறுநீர்ப்பையின் உட்புறத்துக்குப் போக வேண்டும். சிறுநீர் ஒரு கடுமையான திரவம். பொட்டாசியம், யூரியா, அமிலம் எல்லாம் செறிந்திருக்கும். அதை மணிக்கணக்காகத் தேக்கி வைத்தும் நமக்கு எரியாமல் இருப்பதற்குக் காரணம் பையின் உள்தோல். மேல் வரிசையில் குடை அணுக்கள் எனப்படும் பெரிய தட்டையான அணுக்கள். அவற்றின் மேற்பரப்பில் யூரோபிளாக்கின் என்ற புரதம் ஓடு வேய்ந்ததாக இருக்கும். அணுவுக்கும் அணுவுக்கும் இடையே கசியாதபடி வேறு சில புரதங்கள் இறுக்கிப் பிடித்திருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே ஹயலுரோனிக் அமிலம், காண்ட்ராய்ட்டின் சல்ஃபேட் போன்ற சர்க்கரைச் சங்கிலிகளாலான வழவழப்பான ஒரு பூச்சு. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம்: பாவு நூலுக்கு ஏன் கஞ்சி போடுகிறோம்? கஞ்சி போடாத நூல் தறியில் உராய்ந்து பிசிறடித்து அறுந்துபோகும். பையின் பூச்சும் அப்படித்தான். அது போய்விட்டால் உள்ளே இருக்கும் அணுக்கள் சிறுநீரை நேராகத் தாங்க வேண்டியிருக்கிறது.

சான் டியேகோவின் லோவெல் பார்சன்ஸ் இந்தக் கசிவைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். பொட்டாசியம் கலந்த நீரைக் குழாய் வழியாகப் பைக்குள் விட்டால் ஆரோக்கியமானவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. இந்த நோயாளிகளில் பெரும்பாலோருக்கு வலி எடுக்கும். பொட்டாசியம் சுவருக்குள் கசிந்து நரம்பு நுனிகளைத் தூண்டுகிறது. அங்கே உள்ள மாஸ்ட் அணுக்கள் ஹிஸ்டமைனைக் கொட்டுகின்றன. வீக்கம், மேலும் வலி, மேலும் கசிவு என்று அது சுற்றிக்கொண்டே போகிறது என்பது அவர் விளக்கம். வலியை வரவழைத்துச் செய்யும் அந்தச் சோதனையை இப்போது வழிகாட்டு நெறிகள் பரிந்துரைப்பதில்லை. ஆனால் உள்தோல் சேதமடைந்திருக்கிறது என்ற எண்ணத்துக்கு அது வலுக் கொடுத்தது. டாம்-ஹார்ஸ்ஃபால் புரதமும் இவர் ஆய்வில் வருகிறது. சிறுநீரில் உள்ள நச்சுத்தன்மையான சில பொருள்களைப் பிடித்து வைத்துக்கொண்டு பையைக் காப்பது அதன் வேலைகளில் ஒன்று என்றும், நோயாளிகளிடம் அந்தப் புரதத்தில் சியாலிக் அமிலம் குறைந்திருப்பதால் காக்கும் திறன் குறைகிறது என்றும் அவர் குழு சொன்னது. மங்கலான காஸ்ட்டை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். எங்கள் கண்ணுக்குப் புரதத்தின் உருவம்தான் தெரிகிறது. அதன் சர்க்கரைப் பகுதியில் உள்ள குறை தெரிவதில்லை.

உள்தோல் சேதமானால் ஏன் ஆறவில்லை? என்னை மிகவும் ஈர்த்த கேள்வி இதுதான். பதில் தேடியவர் பால்டிமோரில் மேரிலேண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சூசன் கீ. அவரும் ஜான் வாரனும் தொற்றுநோய் மருத்துவர்கள். நோயாளிகளின் சிறுநீரிலும் பைச் சுவரின் திசுவிலும் ஒளிந்திருக்கும் கிருமி ஏதாவது உண்டா என்றுதான் முதலில் தேடினார்கள். நோய்க்குக் காரணமான கிருமி என்று எதையும் சுட்ட முடியவில்லை. தேடல் அங்கே நிற்கவில்லை. மனித சிறுநீர்ப்பையின் தோலணுக்களைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்த்து, அதில் நோயாளிகளின் சிறுநீரைச் சேர்த்தபோது அணுக்கள் பெருகுவது தடைபட்டது. ஆரோக்கியமானவர்களின் சிறுநீரில் அப்படி நடக்கவில்லை. 1996இல் இதை வெளியிட்டார்கள். கல்ச்சரில் வளர்ச்சியைத் தேடுகிற எனக்கு இது பெரிய பாடம். இங்கே நோயின் தடயம், வளர வேண்டிய அணு வளராமல் நின்றதில் இருந்தது.

பெருக்கத்தைத் தடுக்கும் அந்தப் பொருளுக்கு ஏ.பி.எஃப். என்று பெயர் வைத்தார்கள். நோயாளிகளின் சிறுநீரகத்திலிருந்து நேராக எடுத்த சிறுநீரில் அது இல்லை. பையில் தேங்கிய சிறுநீரில் இருந்தது. எனவே அதைச் சுரப்பது பையின் உள்தோலேதான். கூடவே இரண்டு வளர்ச்சிப் புரதங்களின் அளவும் மாறியிருந்தது: காயத்தை ஆற்றத் தோலணுவைத் தூண்டும் எச்.பி.-இ.ஜி.எஃப். குறைந்திருந்தது, இ.ஜி.எஃப். கூடியிருந்தது. மூன்றையும் நோயின் அடையாளங்களாகக் கொள்ளலாம் என்று 2001இல் எழுதினார்கள், அவற்றில் ஏ.பி.எஃப். தான் நோயாளிகளை மற்றவர்களிடமிருந்து மிகத் துல்லியமாகப் பிரித்தது. 2004இல் அதன் கட்டமைப்பும் தெரிந்தது: ஒன்பதே அமினோ அமிலங்கள் கொண்ட சின்னஞ்சிறு பெப்டைடு, அதில் தொங்கும் ஒரு சர்க்கரைச் சங்கிலி. மிகமிக நுண்ணிய அளவிலேயே வேலை செய்யும். அணுக்களைப் பெருக விடாமல் தடுப்பதோடு, அணுக்களை இறுக்கிப் பிடிக்கும் புரதங்களையும் குறைத்துக் கசிவை உண்டாக்குகிறது.

சேதமான உள்தோல், தன்னை ஆறவிடாத பொருளைத் தானே சுரக்கிறது. இதை முதன்முதலாகப் படித்த ராத்திரி, ஜவுளிக்கடைப் பையோடு வந்த முகங்களெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. அவர்கள் யாரும் நடிக்கவில்லை.

அப்படியானால் ஏ.பி.எஃப். பார்க்க ஒரு பட்டை ஏன் வரவில்லை? இந்தக் கேள்வியை என்னிடம் மருத்துவர்களே கேட்டிருக்கிறார்கள். அதை அளக்க உயிருள்ள மனித அணுக்களை வளர்த்து, சிறுநீரைச் சேர்த்து, அணுக்கள் எவ்வளவு பெருகின என்று கணக்கிட வேண்டும். ஆய்வுக்கூடத்தில் செய்யலாம், ஒரு ஊர் லேபில் தினசரி செய்ய முடியாது. எளிய சோதனையாக அது வாடிக்கைக்கு வரவே இல்லை. நரம்பு வளர்ச்சிக் காரணியான என்.ஜி.எஃப். நோயாளிகளின் சிறுநீரில் கூடியிருப்பதாகத் தைவானின் ஹான்-சோங் குவோ போன்றோர் காட்டினார்கள். ஆனால் அடக்க முடியாமல் அவசரமாகச் சிறுநீர் வரும் வேறு கோளாறிலும் அது கூடுகிறது. அமெரிக்காவில் 2008இல் தொடங்கிய மேப் என்ற கூட்டாய்வு பல புரதங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தது. இன்றுவரை இந்த நோயை உறுதிசெய்யும் ஒற்றைப் புரதச் சோதனை எதுவும் நடைமுறைக்கு வரவில்லை. உள்ளே குழாய் விட்டுப் பார்ப்பதும் எல்லாருக்கும் விடை தராது. பையை நீரால் விரித்தால் தெரியும் ரத்தப் புள்ளிகளை ஒரு காலத்தில் நோயின் முத்திரை என்றார்கள். கருத்தடை அறுவைக்கு வந்த, எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்களிடமும் அதே புள்ளிகள் இருந்ததை 1998இல் ஓர் ஆய்வு காட்டியது. ஹன்னர் புண்ணை மட்டும் கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்லலாம்.

ஆகவே இந்த நோயைக் கண்டுபிடிக்கும் வழி, மற்றவற்றை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு, நோயாளி சொல்வதைக் கேட்பது. அமெரிக்கச் சிறுநீரியல் சங்கத்தின் விளக்கம் இதுதான்: சிறுநீர்ப்பையோடு தொடர்புள்ளதாக உணரப்படும் வலியோ அழுத்தமோ, அடிக்கடி போகும் தொந்தரவோடு, ஆறு வாரத்துக்கு மேல் நீடித்து, தொற்றோ வேறு காரணமோ இல்லாமல் இருந்தால் இந்த நோய் எனலாம்.

விலக்கும் இந்த வேலையில்தான் எங்கள் பங்கு பெரியது. நம் நாட்டில் முதலில் நினைக்க வேண்டியது சிறுநீர்ப் பாதையின் காசநோய். அதுவும் பையைச் சுருக்கி, அடிக்கடி போக வைக்கும். மைக்ராஸ்கோப்பில் சீழணுக்கள் நிறையத் தெரியும். சாதாரணக் கல்ச்சரில் ஒன்றும் முளைக்காது. சீழணு இருந்து கிருமி வளராவிட்டால் ரிப்போர்ட்டை வெறுமனே கொடுத்தனுப்பக் கூடாது, மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று என்னிடம் வேலை பழகும் பிள்ளைகளுக்குச் சொல்லுகிறேன். காசநோய்க்கு விடிகாலை முதல் நீரை அடுத்தடுத்த நாட்களில் எடுக்க வேண்டும். சாயம் ஏற்றிப் பார்ப்பது மட்டும் போதாது. பிறப்புறுப்பின் தோலில் இயல்பாகவே வாழும் ஸ்மெக்மாட்டிஸ் என்ற தீங்கில்லாத கிருமியும் அதே சாயத்தைப் பிடித்து ஏமாற்றும். காசநோய்க் கல்ச்சரோ மூலக்கூறுச் சோதனையோ வேண்டும். சிவப்பணுக்கள் தொடர்ந்து இருந்தால் கல்லும் புற்றுநோயும் விலக்கப்பட வேண்டும். சர்க்கரை பார்க்க வேண்டும். ஆண்களுக்கும் இந்த நோய் வரும். பெரும்பாலும் புராஸ்டேட் வீக்கம் என்ற பெயரில் மறைந்து கிடக்கும்.

இத்தனையும் விலக்கப்படாமல், ஆன்டிபயாடிக் மட்டும் மாற்றி மாற்றிக் கொடுக்கப்பட்ட சீட்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். கிருமி இல்லாத இடத்தில் ஆன்டிபயாடிக்குக்கு வேலை இல்லை. பிறகொரு நாள் உண்மையான தொற்று வரும்போது, தட்டில் வைத்த மருந்து வில்லைகளைச் சுற்றி ஒளிவட்டமே விழாமல் கிருமி முளைத்து நிற்பதையும் நான்தான் பார்க்கிறேன்.

வீட்டு வைத்தியத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீர்க்கடுப்பு என்றால் நம்மூரில் உடம்புச் சூடு என்று முடிவு கட்டி எலுமிச்சைச் சாறு குடிக்கச் சொல்வார்கள். பக்கத்தில் புளியங்குடி இருக்கிறது. எலுமிச்சைக்குப் பேர்போன ஊர். வீட்டில் பழத்துக்குப் பஞ்சமே இருக்காது. ஆனால் இந்த நோயாளிகளில் பலருக்கு வலியைக் கூட்டும் உணவுகளில் எலுமிச்சை, ஆரஞ்சு வகைகள் முன்னால் நிற்கின்றன. காபி, டீ, தக்காளி, காரம் ஆகியவையும் அந்தப் பட்டியலில் உண்டு. எல்லாருக்கும் எல்லாமும் ஆகாது என்றில்லை. ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்து, எது சேரவில்லை என்று அவரவர் கண்டுகொள்ள வேண்டும். தறிக்கூடத்து அக்கா எரிச்சல் தீர எலுமிச்சைச் சாறு குடிப்பார். எரிச்சல் கூடியதும் இன்னொரு டம்ளர் குடிப்பார். தண்ணீரையும் அளந்து குடிக்க வேண்டும். குடிக்காமல் இருந்தால் சிறுநீர் செறிந்து உறுத்தும். ஒரேயடியாகக் குடித்தால் பை சீக்கிரம் நிரம்பும். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பதே இவர்களுக்குச் சரி.

அவரிடம் ஒரு பழைய கோடு போட்ட நோட்டைக் கொடுத்தேன். எத்தனை மணிக்குப் போனார், எத்தனை மில்லி, வலி எவ்வளவு, அதற்கு முன் என்ன சாப்பிட்டார் என்று நான்கு கட்டம். அளக்கப் பிளாஸ்டிக் அளவுக் குவளை. “இதையெல்லாம் எழுதி என்ன செய்யம்மா?” என்றார். “பெரிய டாக்டர் கேப்பாருக்கா. நீங்க வாயால சொன்னா ஒரு நிமிசம் கேப்பாங்க. எழுத்துல இருந்தா புரட்டிப் பாப்பாங்க” என்றேன். எட்டாவது படித்த கையெழுத்தில் எழுதிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு தடவையும் நூறு மில்லியைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. வளர்ந்தவரின் பை 300 முதல் 500 மில்லி வரை தாங்கும். ராத்திரிக் கட்டங்களும் காலியாக இல்லை. என் ரிப்போர்ட்டுகள் எதிலும் இல்லாத சான்று அந்த நோட்டில் இருந்தது.

நெல்லையில் சிறுநீரக மருத்துவர் அந்த நோட்டைத்தான் முதலில் பார்த்தாராம். காசநோய் இல்லை, கல் இல்லை, கட்டி இல்லை என்று விலக்கிய பிறகு நோயின் பெயரைச் சொன்னார். ராத்திரிக்குக் குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் தொடங்கினார். அதை மனநோய் மருந்து என்று எண்ணி நிறுத்திவிடக் கூடாது, நரம்பு வலியைத் தணிக்கத்தான் என்றும் விளக்கியிருக்கிறார். இடுப்புத் தசையைத் தளர்த்தும் பிசியோதெரபி, உணவு மாற்றம் எல்லாம் கூடச் சேர்ந்தன. சிலருக்குப் பைக்குள்ளேயே ஹெபாரின், மரப்பு மருந்து போன்றவற்றை விடுகிறார்கள். ஹன்னர் புண் இருந்தால் அதைச் சுட்டுத் தீய்ப்பது நல்ல பலன் தரும். உள்பூச்சைச் சரிசெய்யும் எண்ணத்தில் தரப்படும் பென்டோசான் 1996இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மாத்திரை, இந்தியாவிலும் கிடைக்கிறது. நீண்ட காலம் சாப்பிட்ட சிலருக்கு விழித்திரை பாதிக்கப்பட்டது 2018இல் தெரியவந்ததால், அதை எடுப்பவர்கள் கண்ணைப் பரிசோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்தியாவில் அகமதாபாத்தின் நாகேந்திர மிஸ்ரா, டெல்லியின் ராஜேஷ் தனேஜா போன்ற சிறுநீரக மருத்துவர்கள் இந்த நோயைப் பற்றித் தொடர்ந்து எழுதியும், ஜிப்ஸ் என்ற அமைப்பின் வழியே மற்ற மருத்துவர்களுக்கு எடுத்துச் சொல்லியும் வருகிறார்கள்.

அக்காவுக்கு நோய் அடியோடு போகவில்லை. ஆனால் நோட்டில் அளவு ஏறியது, ராத்திரிக் கட்டங்கள் குறைந்தன. இங்கிருந்து நெல்லைக்கு 50 கிலோமீட்டருக்கு மேல். பஸ்ஸில் ஏறினால் இடையில் இறங்கிப் போக வழி இல்லை. அந்தப் பயத்தில் மகள் வீட்டுக்கே போகாமல் இருந்தவர், இப்போது போய்வருகிறார். ஆடித்தபசுக்கு ஊரே தேர் வீதியில் திரளும்போது இவர் வீட்டுக்குள் இருந்ததன் காரணமும் இதுதான். கூட்டத்தில் மாட்டிக்கொண்டால் கழிவறைக்கு எங்கே போவது? இது அவர் ஒருவர் பாடு அல்ல. தறிக்கூடம், தீப்பெட்டிக் கம்பெனி, கடைத்தெரு என்று பெண்கள் வேலை பார்க்கும் இடங்களில் சுத்தமான கழிவறையும், கேட்காமலே எழுந்து போகும் உரிமையும் வேண்டும். திருவிழாவுக்கும் பஸ் நிலையத்துக்கும் அதே தேவை. நோயுள்ளவர்களுக்கு அது மருந்துக்குச் சமம்.

என் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்ல ஒன்று உண்டு. ‘வளர்ச்சி இல்லை’ என்ற ரிப்போர்ட்டைக் கொடுக்கும்போது “உங்களுக்கு ஒன்றும் இல்லை” என்று சொல்லாதீர்கள். நாம் பார்த்தது கிருமியை மட்டும்தான். “கிருமி இல்லக்கா, வலிக்கு வேற காரணம் இருக்கும், டாக்டர்கிட்ட அதைக் கேளுங்க” என்று சொன்னால் போதும். கூட வந்த கணவரின், மாமியாரின் காதிலும் விழும்படி சொல்லுங்கள்.

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது ஆறு வாரத்துக்கு மேல் இப்படி வலி இருந்து, ரிப்போர்ட் மட்டும் சுத்தமாக வந்துகொண்டிருந்தால், நாளைக்கே ஒரு நோட்டுப் போடுங்கள். மூன்று நாள் எழுதினாலே உருவம் தெரியும். அதையும் பழைய ரிப்போர்ட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு சிறுநீரக மருத்துவரிடம் போங்கள். நம் பக்கத்துக்கு நெல்லை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. காசநோய் பார்த்தாகிவிட்டதா, இது சிறுநீர்ப்பை வலி நோயாக இருக்குமா என்று இரண்டு கேள்வியையும் நீங்களே கேளுங்கள். உள்தோலின் சேதத்தைக் காட்டும் பட்டை என்றாவது ஒரு நாள் எங்கள் மேசைக்கு வரும் என்று நம்புகிறேன். அது வரும்வரை உங்கள் வாய்ச்சொல்தான் சான்று. அதைத் தயங்காமல் சொல்லுங்கள்.